நுனி வெட்டாத ஐந்து மாதங்கள்

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, வீட்டின் முன்னறையில் இரண்டு நாற்காலி போட்ட பெண்கள் சலூன் அந்தப் பெண்மணியுடையது. இருபத்தாறு வருடங்களாகக் கத்திரி பிடித்த கை. நீட்டிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் அது சும்மா இருக்காது. திரைச்சீலையில் தொங்கும் நூல், அண்ணனின் சட்டைக் காலரில் பிசிர், எல்லாவற்றுக்கும் ஒரு நறுக்.

வாசல் கேட்டை ஒட்டி ஆறடி மண் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் அதில் சால்வியா என்ற பூச்செடி ஒன்றை நட்டார். ஆளை மிஞ்சி வளர்ந்து, ஆண்டு முடியும் நேரத்தில் ஊதாப் பூக்கதிர் விடும் வகை என்று நர்சரி அட்டையில் போட்டிருந்தது. மூன்று வருடமும் இலைதான் மிச்சம்.

வீட்டின் பின்பகுதியில் குடியிருக்கும் அண்ணனுக்கு அந்த இடத்தின்மேல் ஒரு கண். ஸ்கூட்டருக்குத் தகரக் கொட்டகை போட வேண்டும்.

"பூக்கும் பூக்கும்னு நீயும் சொல்லிட்டே இருக்க. செடிக்கு யாராவது சொன்னாங்களா?"

"இந்த வருஷம் பூக்கும்ணா. பொறு."

"வருஷத்தோட கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன். அன்னிக்கும் இலைதான்னா, ஆளைக் கூட்டிட்டு வந்துடுவேன்."

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு, ஒரு கிளையைப் பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரர் அதன் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா வெட்டினது? அளவுகோல் வச்ச மாதிரி இருக்கு!"

"நான்தான். மாசம் ஒரு தடவை. நுனி மட்டும்."

"எதுக்கு?"

"நுனி வெட்டினா நல்லா அடர்த்தியா வரும்ல?"

நர்சரிக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அது தலைமுடிக்குச் சொல்றதும்மா. இதுக்குப் பூவே நுனியிலதான் வரும். மூணு வருஷமா பூவைத்தான் வெட்டிப் போட்டிருக்கீங்க. இனிமே அதுல கை வைக்காதீங்க."

வருடக் கடைசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. கத்திரியோடு வாசல்படி தாண்டுவதில்லை என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார். செடி தோளைத் தொட்டது, தலையைத் தாண்டியது, போகிறவர் வருகிறவர் முகத்தில் உரசியது.

"ஊர்ல எல்லார் தலையையும் ஒழுங்கு பண்றீங்க. வாசல்ல ஒண்ணு பரட்டையா நிக்குதே!" என்றார் ஒரு வாடிக்கையாளர். சுருக்கென்றது. விரல்கள் அரித்தன. கத்திரியை மேஜையில் வைத்துவிட்டுத் தரையைப் பெருக்கினார்.

பலத்த காற்றடித்த ஒரு நாளில் இரண்டு தண்டுகள் முறிந்தன. மீதிக்குக் கம்பு நட்டு, பழைய துவாலைகளைக் கிழித்து எட்டு இடத்தில் கட்டினார்.

"சலூனை மூடிட்டு ஆஸ்பத்திரி ஆரம்பிச்சிட்டியா?" என்று அண்ணி துணி உலர்த்தியபடி கேட்டார்.

"ஆமா அண்ணி. வார்டுல சத்தம் போடாதீங்க."

கடைசி ஞாயிறு வந்தது. அண்ணன் சொன்னபடி கொட்டகை போடுபவரோடு வந்து நின்றார். ஏணி, டிரில், அளவு டேப் எல்லாம் தயார். கீழிருந்து பார்த்தால் இலை, இலை, இலை.

"ஒண்ணுமில்ல. ஆரம்பிங்க" என்றார் அண்ணன்.

பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு இவர் வெளியே ஓடிவந்தார். முந்தின நாள் நாற்காலிமேல் ஏறிப் பார்த்தபோது உச்சியில் மொட்டுகள் கறுத்துப் புடைத்திருந்தன. விரிந்தனவா என்பது இவருக்கும் தெரியாது. யாரையும் கேட்காமல் ஏணியைத் தூக்கிக் கேட் தூணில் சாய்த்தார்.

"கீழ நின்னுட்டுத் தீர்ப்பு சொல்லாத. ஏறிப் பாரு."

"என்னையா?"

"வேற யாரு? நீதான் இல்லைன்ன."

முணுமுணுத்துக்கொண்டே அண்ணன் ஏறினார். உச்சிப் படியில் நின்று இலைகளை விலக்கினார்.

"என்னண்ணா?"

அவருடைய விரல் ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்ந்தது.

"அண்ணா!"

"இரு... எண்ணிட்டிருக்கேன்." எண்ணி முடித்ததும், "மூணு விரிஞ்சிருக்கு. கீழ வரிசையா மொட்டு. நல்ல ஊதாடீ."

கொட்டகைக்காரர் டிரில்லைத் தூக்கிக் காட்டினார். "சார், ஓட்டை போடவா, வேணாமா?"

அண்ணன் ஏணியிலிருந்தபடியே பின்பக்கம் கை காட்டினார். "அந்தச் சுவரோரம் இடம் பத்துமான்னு அளந்து சொல்லுங்க."

"இறங்கும்போது பாத்து இறங்கு, தண்டு ஒடிஞ்சிடப் போகுது" என்று சொல்லிவிட்டு, இவர் பாதியில் விட்ட தலைக்குத் திரும்பினார்.