வந்து உரசிய தூண்

"கண்ணு எங்கய்யா இருக்கு உனக்கு?" என்று ஏற்றிவிட்ட கார்க் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்கிறார் மருந்துக் கடைக்காரர். கேட்கப்பட்டவர், கோடு போட்ட இடத்தில், தனக்கான பச்சை விளக்கில் தெருவைக் கடந்துகொண்டிருக்கும் ஒரு மனிதர். அவர் காதில் எதுவும் விழவில்லை. வீட்டிலிருந்து கடைக்கு நான்கு கிலோமீட்டர். அதற்குள் குறைந்தது ஏழு பேரிடமாவது இதைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் வந்து சேர்ந்தால் அன்று அவருக்கு உடம்பு சரியில்லை என்று பொருள்.

முப்பத்தொரு வருடமாகக் கார் ஓட்டுகிறார். "இதுவரைக்கும் என் மேல ஒரு தப்பு சொல்ல முடியாது" என்பார். கார் மேல் நிறையச் சொல்லலாம். முன்கதவில் முழ நீளக் கீறல்: "பார்க்கிங்ல தூண் வந்து உரசிடுச்சு." பின்பக்கம் உள்வாங்கிய பள்ளம்: "சுவர் ரொம்பக் கிட்ட இருந்துச்சு." பசைநாடா சுற்றிய பக்கக் கண்ணாடி: "எதிர்ல வந்த பஸ் ஒதுங்கவே இல்ல." அவர் கதைகளில் தூண் நடந்து வரும், சுவர் நெருங்கி நிற்கும், பஸ் அடம்பிடிக்கும், காரை ஓட்டிய ஆள் மட்டும் தலையைக் காட்டவே மாட்டார். தெருப் பிள்ளைகள் அவருக்கு ஹாரன் மாமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தன் ஜாக்கிரதைக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பக்கத்துச் சீட்டில் மனைவி. கடையில் பில் போடுவது அவர்தான் என்பதால் தினமும் இந்தச் சவாரியிலிருந்து தப்ப வழியில்லை.

"ஏங்க, சிவப்பு."

"பாத்துட்டேன்."

"பாத்தவங்க நிப்பாங்க."

கடைக்குள் நுழைந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டால் ஆளே வேறு. டாக்டரின் கிறுக்கலில் ஓர் எழுத்து மங்கலாக இருந்தாலும் போன் போட்டுக் கேட்காமல் மருந்து தரமாட்டார். பெயர் ஒத்துப்போகும் இரண்டு மருந்துகளை ஒரே அலமாரியில் வைக்கமாட்டார். நரைத்த தலைகளையும் நிற்க வைத்து, "எத்தனை வேளைன்னு சொல்லுங்க பாப்போம்" என்று ஒப்பிக்கச் சொல்வார். இந்த நிதானத்தில் பாதியாவது ரோட்டில் இருக்கக் கூடாதா என்று மனைவி ஒருமுறை கேட்டபோது, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இது மருந்தும்மா. உயிர் சம்பந்தப்பட்டது" என்றார்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலை. காய்ச்சலில் கிடக்கும் தன் குழந்தைக்கு எவ்வளவு டானிக் தருவது என்று ஒரு தாய் போனில் கேட்டார். ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்டியரிங். "அஞ்சு மில்லி. அஞ்சே மில்லி. கண்ணளவுக்கு ஊத்தாதீங்க, மூடியில அளந்து குடுங்க" என்று பொறுப்பாகச் சொல்லிக்கொண்டே கடைத்தெருவுக்குள் காரைத் திருப்பினார். மனைவி "ஏங்க" என்றார். அதற்குமேல் சொல்ல நேரம் இருக்கவில்லை.

விழுந்தது தையல்கார அம்மா. கடையிலிருந்து ஆறு கடை தள்ளி இருப்பவர். கடைக்காரரின் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் வைத்துக் கொடுப்பவரும் அவர்தான். சைக்கிள் ஒருபக்கம், பிரித்துத் தைக்க வாங்கி வந்த பேன்ட்டுகள் ஒருபக்கம், வலது மணிக்கட்டு ஒருபக்கம் என்று கிடந்தார். மனைவி ஓடிப்போய்த் தன் கைப்பையை அவர் தலைக்கு அணையாக வைத்தார். கடைக்காரர் இறங்கி, கூடிய கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "சைக்கிள் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல." கையிலிருந்த போன், "சார், சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. கடைக்காரருக்கு மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து. இரண்டு சனிக்கிழமை ஓட்டுநர் வகுப்பில் உட்கார்ந்து தேறினால்தான் திரும்பக் கிடைக்கும் என்று கடிதம் வந்தது. "எனக்கா பாடம்?" என்று அந்தக் கடிதத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். யாராவது ஒருவர் அநியாயம் என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்கிறார். பார்த்தவர்கள் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வகுப்பு, போக்குவரத்து அலுவலக மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட அறை. பாடம் நடத்தியவர் பதினேழு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டிய அம்மாள். குரலை உயர்த்தாத ஆள். "ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. 'நான்'னு ஆரம்பிக்கணும், என்ன செஞ்சீங்கன்னு முடிக்கணும்" என்றார்.

ஒரு லாரி டிரைவர் எழுந்தார். "நான் தூங்கிட்டேன்." உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் எழுந்தார். "நான் பாட்டுக்கு போயிட்டு இருந்தேன். அப்போ ஒரு சைக்கிள்..."

"சைக்கிள் வேண்டாம் சார்."

"நான் ரொம்ப மெதுவாத்தான்... ரோடு வேற குறுகல்..."

"ரோடும் வேண்டாம்." அந்த அம்மாள் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "மருந்துக்கடை வச்சிருக்கீங்க. யாருக்காவது மருந்தை மாத்திக் குடுத்துட்டா என்ன சொல்வீங்க?"

"அப்படி நடக்கவே நடக்காது."

"நடந்துட்டா?"

"நான் மாத்திக் குடுத்துட்டேன்னு சொல்வேன்."

"மருந்து தானா மாறிப் போச்சுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"அது எப்படிங்க? எடுத்துக் குடுத்தது என் கைதானே?"

அந்த அம்மாள் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போனார். லாரி டிரைவர் மட்டும் திரும்பி ஒருமுறை பார்த்தார். கடைக்காரருக்குக் காது சுட்டது. வீட்டுக்கு வந்து, "வகுப்பு சரியில்ல, குறுக்குக் கேள்வி கேக்கறாங்க" என்று மனைவியிடம் குறைப்பட்டார். எழுத்துத் தேர்வில் நாற்பதுக்கு நாற்பது வாங்கினார். சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் சிக்னலில் ஒரு கூடைக்காரியின் கண்ணைப் பற்றி விசாரித்தார்.

போன வாரம் தையல்கார அம்மா கடைக்கு வந்தார். எலும்பு சரியாகக் கூடவில்லை என்று மறுபடி அறுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். கை கழுத்துத் தூளியில் தொங்கியது. வலி மாத்திரைச் சீட்டை நீட்டியவர், "பிளாஸ்டர் ஒரு பாக்கெட் சேத்துக் குடுங்க சார். இடது கைக்கு ஊசி இன்னும் பழகல" என்றார். நீட்டிய இடது கையின் மூன்று விரல்களில் பழைய பிளாஸ்டர் அழுக்கேறிச் சுற்றியிருந்தது.

மாத்திரை வாங்கிக்கொண்டு புறப்பட இருந்த ஒரு பெரியவர், காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில், "கையில என்னம்மா ஆச்சு?" என்றார்.

"சாரைக் கேளுங்க" என்றார் தையல்கார அம்மா. "அவர் அங்கதான் இருந்தாரு."

பெரியவர் திரும்பினார். பின்னால் நின்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். கடைக்காரர், "அது வந்து, ஒரு சைக்கிள்" என்று ஆரம்பித்தார். பார்வை அந்த விரல்களுக்குப் போனது. சைக்கிள் அதற்குமேல் நகரவில்லை. பிளாஸ்டர் பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார், நேராக்கி வைத்தார். பிறகு அந்தப் பாக்கெட்டிடம் சொல்வது போல முனகினார்: "நான்தான் இடிச்சேன்."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்" என்றார் தையல்கார அம்மா, குரலில் கோபமே இல்லாமல். "பெரியவருக்குக் கேக்கல."

பில் போட்டுக்கொண்டிருந்த மனைவியின் விரல் பாதியில் நின்றது. கடைக்காரர் மேஜை மேல் குனிந்து, பெரியவரின் காதுக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நான்தான் இடிச்சேன். போன் பேசிக்கிட்டே ஓட்டினேன். ரோட்டைப் பாக்கல."

இந்த முறை தெருவில் நடப்பவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"ஓஹோ" என்றார் பெரியவர். கடைக்காரரை நிதானமாக ஒருமுறை பார்த்தார். பிறகு தன் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் பெயரை எழுத்துக்கூட்டித் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார்.