மூடியில் எடுத்து வைத்த சோறு

இந்த ஊரில் கிட்டங்கி வேலைவிட்டு வரும் பெண்கள் நேராக வீட்டுக்குள் போவதில்லை. வாசலோரம் குத்தவைத்து உட்கார்ந்து, புளியும் அடுப்புச் சாம்பலும் சேர்த்து முழங்கை வரைக்கும் தேய்க்கிறார்கள். தேய்த்து முடிகிறவரை பிள்ளை அழுதாலும் தூக்குவதில்லை. ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த புதிதில் இதைப் பார்த்து, ஏதோ சாமிக் கட்டுப்பாடு என்று நினைத்தேன். கேட்டால், பர்மாக்காரிக்கு இதுகூடத் தெரியவில்லை என்று சிரிப்பார்கள். அதனால் கேட்கவில்லை. அம்மா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சோப்பைப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

அப்பா பிறந்தது திண்டுக்கல் பக்கம் ஆத்தூர். திரும்பிப் போனால் ஊர் இருக்கும் என்றுதான் எங்களைக் கூட்டி வந்தார். ஊர் இருந்தது, எங்களுக்கு இடம் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை பிடித்தோம். அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. எனக்குப் புகையிலை மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் இலையிலிருந்து காம்பைக் கிழித்தெடுக்கும் வேலை. அம்மா வீட்டோடு இருந்து சமைத்தாள். வந்த முதல் மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். கருமாதி வரைக்கும் சந்துக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். மறுநாள் அவரவர் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றைக்குச் சாயங்காலம் அடுப்பு என் கைக்கு வந்தது.

ரங்கூனில் அம்மாவும் அரிசி மில்லில் வேலை பார்த்தவள்தான். அலுத்து வருகிற நாளில் முக்குக் கடையில் மொஹிங்கா வாங்கிவிடுவாள். சேமியா மாதிரி அரிசி நூல், மேலே மீன் குழம்பு. வட்டப் பலகையைச் சுற்றி எல்லாரும் ஒன்றாக உட்காருவோம். வீட்டில் சமைத்தால், முதல் கரண்டிச் சோற்றை மூத்தவர்களுக்கு என்று மூடியில் எடுத்து வைப்பாள். பக்கத்து வீட்டுப் பர்மாக்காரியிடம் கற்றது, ஊச்சா என்பார்கள். மூத்தவர் எங்கே இருந்தாலும் அவர் பங்கு முதலில். அம்மா போனபிறகு நான் அவளுக்கு எடுத்து வைத்தேன்.

இங்கே அப்படி முக்குக் கடை கிடையாது. ராத்திரிக்குத்தான் உலை வைக்க வேண்டும், அதில் மிஞ்சுவதுதான் காலையில் பழையது. இலை கிழிக்கும்போதே என் மனசு அடுப்படியில் கிடக்கும். விறகு காய்ந்திருக்குமா, தங்கச்சி பாக்கியம் தண்ணி பிடித்து வைத்திருப்பாளா, வெஞ்சனத்துக்கு என்ன. சந்தைக்கு மறுநாள் கத்தரிக்காய், பிறகு கருவாடு, வாரக் கடைசியில் வெறும் புளித்தண்ணி என்று வரிசை போட்டுக்கொள்வேன். வீடு வரும்போது கால் ஓய்ந்துவிடும். போட்ட வரிசை மறந்து, கையில் அகப்பட்டதைக் கரைத்து ஊற்றுவேன். புகையிலை நெடிக்கு இன்னும் பழகாத என் நாக்குக்கு எதுவும் உறைக்காது. அப்பா ரெண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டில் தண்ணியை ஊற்றிவிடுவார். பாக்கியம் சோற்றைத் தட்டோரம் ஒதுக்கி வைப்பாள். அம்மா கை இல்லாத சோறு இறங்கவில்லை என்று நினைத்து நான் கட்டாயப்படுத்தவில்லை. அப்பாவுக்கு வேட்டி இடுப்பில் நிற்காமல் போனது. ஒருநாள் தோல் ஷாப்பில் மயங்கி விழுந்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்தது அப்பாதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

பார்க்க வந்தாள் வேலம்மா அக்கா. எரியோடு ஊர்க்காரி, கிட்டங்கியில் என் பக்கத்தில் உட்காருகிறவள். நான் பாக்கியத்துக்குப் பிசைந்த சோற்றில் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டவள், வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"என்னடி இது, எட்டிக்காயக் கரைச்சு ஊத்துனியா? கைய எதுல கழுவுற?"

"சோப்புலக்கா."

"ஓகோ, சீமாட்டி. பொகையிலக் கறை சோப்புக்குப் போகுமாடி? புளிக்குத்தேன் போகும். நீ அந்தக் கையோட கொழம்புக்குப் புளி கரைச்சா, அம்புட்டுக் கறையும் கொழம்புலதான எறங்கும்?"

"நீங்க தேய்க்கிறது சாமிக்குன்னு நெனச்சேன்க்கா."

சிரிக்க ஆரம்பித்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஏம்ப்பா, கசக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சோறு கசக்குதுன்னு எனக்குத் தோணலத்தா. அவ போனதுல எம்நாக்குதேன் அப்பிடி ஆயிப்போச்சுன்னு இருந்தேன்."

"நீ அழுவேன்னு நான் சொல்லல," என்றாள் பாக்கியம்.

மறுநாள் நானும் வாசலில் குத்தவைத்துப் புளியும் சாம்பலும் தேய்த்தேன். விரல் வெடிப்பில் புளி பட்டு எரிந்தது. கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். முதல் கரண்டியை மூடியில் எடுத்து வைக்கும்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவளுக்கு எடுத்து வைத்ததும் அந்தக் கறைக் கையால் பொங்கிய சோறுதான்.

அப்பா தலை நிமிராமல் தின்றார். பாக்கியம் விரலைச் சப்பினாள். மறுசோறு போட்டேன், அதுவும் போனது.

"இன்னுங் கொஞ்சம் இருக்காத்தா?"

பானையை வழித்துப் பார்த்தேன். எனக்குக்கூட மிச்சமில்லை. மூடியில் இருந்தது மட்டும்தான். அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேணாம். போதும்."

மூடியை அவர் தட்டில் கவிழ்த்தேன். சிந்திய பருக்கையை விரலால் கூட்டிச் சேர்த்தார். குழம்புகூடக் கேட்காமல், வெறும் சோறாகவே அள்ளித் தின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ரங்கூன் சோப்பு தேய்ந்து ஒரு சில்லாகிவிட்டது. இந்த ஊர்க் கறைக்கு அது உதவாது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. வாசல் மாடத்தில் புளி உருண்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வேலைவிட்டு வந்து குத்தவைத்தால், கை இன்னமும் முதலில் அந்தச் சில்லைத்தான் தொடுகிறது.