மெட்டி தெரிய வேண்டும்

குஜிலியம்பாறைப் பக்கத்து வறண்ட காடுகளில் போர் போட்ட இடத்தில், நான் மோட்டார் இறக்கித் தண்ணீர் வராமல் போனது அபூர்வம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு உறவு அறுந்தது. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அப்புறம் திண்டுக்கல் பழநி ரோட்டில் சொந்தக் கடை போட்டேன். ஓடுகிற சத்தத்தைத் தெருவில் நின்று கேட்டே பேரிங் போச்சா இல்லையா என்று சொல்வேன். இன்ஜினியர்களே வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கென்றால் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது.

அப்பேர்ப்பட்ட என்னை, வீட்டுக்குப் பின்னால் கட்டிய நீச்சல் குளம் படுத்திய பாடு இருக்கிறதே!

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருக்கும். ஊரே குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நிற்கும்போது இவனுக்கு நீச்சல் குளம் கேட்கிறதா என்று பேசினார்கள். பேசட்டும். குளம் எனக்கில்லை, என் மனைவிக்கு. இரண்டு முழங்காலும் தேய்ந்து, படுக்கையறையிலிருந்து அடுப்படிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் அவள் உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு கறுப்புக் கோடே விழுந்திருந்தது. நெஞ்சளவு தண்ணீரில் தினமும் நடந்து பார்க்கட்டும், சரியாகாவிட்டால் தை பிறந்ததும் ஆபரேஷன் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குக் கத்தி என்றாலே குலை நடுங்கும். மறுநாளே குழி தோண்ட ஆள் விட்டேன். பக்கத்து ஆத்தூரில் இருக்கும் என் தென்னந்தோப்புக் கிணற்றிலிருந்து டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினேன்.

குளம் கட்டியவர் கோயம்புத்தூர்க்காரர். அவர் கொண்டுவந்த மோட்டாரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒற்றைக் கையில் தூக்கலாம்.

"ஏனுங்க, இது தண்ணிய மேல ஏத்துறதுக்கு இல்லீங்க. மணல் டப்பா வழியா வடிகட்டி, திரும்பக் குளத்துக்கே அனுப்புறதுக்குங்க. பகல் பூரா மெதுவா ஓடுனாப் போதுமுங்க."

"எத்தன இஞ்சு தண்ணி தள்ளும்?"

"ஒன்றரை இஞ்சு வருமுங்க."

"ஒன்றயா? எங்க ஊர்ல அதுக்குப் பேரு மோட்டார் இல்ல அப்பு, மூக்கொழுகல்!"

திண்ணென்று மூன்று இஞ்சு தள்ளினால்தான் எங்கள் பக்கம் அதை மோட்டார் என்று ஒத்துக்கொள்வோம். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் அந்தப் பொம்மையைக் கழற்றி வைத்துவிட்டு, கடையிலிருந்து ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் தரை அதிர்ந்தது. தண்ணீர் குளத்துக்குள் பாய்ந்த பாய்ச்சலைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் தெளியவில்லை. கழுநீர் மாதிரி கலங்கலாகவே கிடந்தது.

மனைவி கம்பியைப் பிடித்து முதல் படியில் ஒரு காலை வைத்தாள். குனிந்து பார்த்தாள். காலை எடுத்துக்கொண்டாள்.

"காலு தெரியலையே."

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? நெஞ்சு மட்டந்தான புள்ள?"

"எனக்கு எம் மெட்டி தெரியணும். தெரிஞ்சாத்தான் எறங்குவேன்."

சேவுகம்பட்டியில் கிணற்று மேட்டில் வளர்ந்தவள். அடி தெரியாத தண்ணீரை நம்பமாட்டாள்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் உட்கார்ந்தால் குளம் ஞாபகம். வீட்டுக்கு வந்து மோட்டாரைப் போடுவேன், நிறுத்துவேன், மறுபடி போடுவேன். ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினேன். கண் எரிந்ததுதான் மிச்சம். கரண்ட் மீட்டருக்குள் சக்கரம் பம்பரமாகச் சுற்றியது. கார்த்திகை போய் மார்கழி வந்துவிட்டது. சுவரில் அந்தக் கோடு இன்னும் அழுத்தமாகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் காப்பிக்காக அடுப்படியில் நின்றேன். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஃபில்டரைத் தட்டினேன். மேல் தட்டைக் கரண்டியால் அமுக்கினேன்.

"ஏங்க, அமுக்காதீங்க! தூளும் சேந்துல்ல எறங்கும்? அது தன்னால சொட்டணும்."

கரண்டியைக் கீழே வைத்தேன். ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு நேரே குளத்துக்குப் போனேன். "காப்பி ஆறுதுங்க!" என்று அவள் கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. குழாய் வாயில் தண்ணீர் பிடித்து வெயிலில் வைத்தேன். செத்த நேரத்தில் டம்ளரின் அடியில் பொடி மணல் படிந்தது. என் ஐந்து குதிரை போட்ட போடில், மணல் டப்பாவில் பிடிபட வேண்டிய அழுக்கு மணலோடு சேர்ந்து குளத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இதை இத்தனை சுலபமாகக் கண்டுபிடிக்க வேறு எவனாலும் முடியாது.

மணலைக் கழுவி, பொம்மையை எடுத்து மாட்டினேன். கோயம்புத்தூருக்கு ஃபோன் செய்யவில்லை, எதற்கு?

அது கொசு மாதிரி முனகியது. காதை வைத்துக் கேட்டால்தான் ஓடுவதே தெரியும். மீட்டர் சக்கரம் நத்தையாக நகர்ந்தது. கடைக்குப் போனவன் பாதி வழியில் திரும்பி வந்தேன்.

"ஓடுதா?"

"ஓடுதுங்க."

"தண்ணி வருதா?"

"வருதுங்க. நீங்க செத்த ஒக்காருங்க, எனக்குக் கிறுகிறுன்னு வருது."

தினமும் பகல் பூராவும் ஓடவிட்டேன். கலங்கல் கொஞ்சங் கொஞ்சமாக இறங்கியது. ஒருநாள் விடிந்ததும் அவள் முதல் படியில் கால் வைத்துக் குனிந்தாள். இரண்டாம் படி. கடைசிப் படி. நெஞ்சளவு தண்ணீருக்கு அடியில் வெள்ளி மெட்டி இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. கம்பியை விட்டாள்.

"வெரசா நட புள்ள, தை வரப்போகுது!"

"நானும் ஒன்ற இஞ்சுதான்," என்றாள். "மெதுவாத்தான் போவேன்."

எதையும் பிடிக்காமல் எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பினாள்.

தையில் டாக்டர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், நடப்பதை நிறுத்தாதீர்கள் என்றார். மோட்டார் விஷயத்தில் என்னை அடிக்கத் திண்டுக்கல்லில் ஆள் கிடையாது என்று அவரிடம் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் குனிந்து மெட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்து குதிரை ஆத்தூர் தோப்புக்குப் போனது. அங்கே மூன்று இஞ்சும் கொட்டுகிறது. கோடு விழுந்த சுவருக்கு மறுபடி பெயிண்ட் அடித்தேன். காலையில் எழுந்ததும் மோட்டார் முனகுகிறதா என்று கேட்கப் போவேன். போகிற வழியில் அந்தச் சுவரையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.