மறைத்து வைத்த மருந்துச் சீட்டு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து சரியிருக்காது, எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மாதாமாதம் பார்க்க ஒரு பொது மருத்துவர் வேண்டியிருந்தது. யாரையும் நம்ப மனம் வரவில்லை. அதனால் பழைய சீட்டைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு, மாத்திரையே சாப்பிடுவதில்லை என்று சொல்லி ஒவ்வொரு டாக்டரையும் சோதித்தேன். சேலையூரில் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தார். குரோம்பேட்டைக்காரர் இன்னும் அதிகமாக எழுதினார். நான் எதையும் வாங்கவில்லை.

இரும்புலியூர் டாக்டரம்மா இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார்.

"மாத்திரை போடலைன்னு சொல்றீங்க. பிரஷர் நார்மலா இருக்கே சார். நான் நம்ப மாட்டேன்."

கூட வந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாத்துக்கு முழிக்கிற? காலைல என் கண்ணு முன்னாடிதானே முழுங்கின? சீட்டு பாக்கெட்ல கீது, எடுத்துக் குடு!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்க பேச்சை நம்பி இன்னும் மாத்திரை எழுதியிருந்தா, பிரஷர் இறங்கி மயங்கி விழுந்திருப்பீங்க," என்றார்.

என்னைவிடச் சந்தேகம் பிடித்தவரை அன்றுதான் பார்த்தேன். இனி அவரிடமே போவது என்று முடிவு செய்தேன். ஆனாலும் அவர் எழுதியதை மருந்துக் கடையில் ஒரு தடவை விசாரித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

எழுதியது ஆவணி ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை.