விசிலை வாங்கிய பஸ் சாரதி

ரொம்மன் மைதானத்தில் எங்கள் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்டப் பயிற்சிக்கு பிள்ளை ஒன்றின் தாய் பஸ் ஓட்டும் சீருடையோடு நேரே வருவார். உயரமான பெண். எந்தக் குளிரிலும் தொப்பி போடமாட்டார்.

பயிற்சியாளரும் இன்னொரு பிள்ளையின் தகப்பன்தான். அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றைப் பற்றிய ஆவணத் தொடரைப் பார்த்த பிறகு, அதில் வரும் கோச்சைப் போலக் கத்தத் தொடங்கினார். கோல் காக்கும் என் மகள் ஒருநாள் ஒரு பந்தை விட்டதும், "மாடு! வீட்டை போய்ப் படு!" என்றார். மகள் அழுதாள். சம்பளமில்லாமல் வந்து பழக்குகிறவரை என்ன சொல்வது என்று பெற்றோர் எல்லோரும் கோட்டுக்கு வெளியிலேயே நின்றோம்.

அந்தப் பெண் மட்டும் உள்ளே நடந்தார்.

"தம்பி, அந்தத் தொடரை நானும் பாத்தனான். ஏச்சு வாங்கின பொடியள் பிறகு அழுதுகொண்டு கதைச்சதை நீங்கள் பாக்கேல்லையோ?"

"உங்கட மகளுக்கு நான் ஏசிறேல்லையே அக்கா. அவதானே கப்டன்!"

"வேணுமெண்டா அவவைக் கப்டனிலையிருந்து எடுங்கோ. ஆனா இந்தப் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேளுங்கோ."

"அப்ப நீங்களே பழக்குங்கோ!" என்று அவர் விசிலைக் கழற்றி நீட்டினார். வாங்கமாட்டார் என்று நினைத்திருப்பார். அந்தப் பெண் வாங்கித் தன் கழுத்தில் போட்டார்.

"எனக்குப் பந்து அடிக்கத் தெரியாது, பிள்ளையள். ஏசாமல் நிக்கத் தெரியும். ஓடுங்கோ!"

மகள் இன்னொரு பந்தையும் விட்டாள். பயந்து நிமிர்ந்தாள்.

"எடுத்து அடியம்மா, நேரமிருக்கு," என்றார் அவர்.

மகள் மூக்கைத் துடைத்துவிட்டு, எங்களோடு வந்து நின்ற பயிற்சியாளரின் தலைக்கு மேலால் அடித்தாள். அப்படியொரு அடியை நான் அவளிடம் கண்டதில்லை.