எலும்பைப் படம் பிடித்தவர்கள்

எங்கள் மாமாவுக்குச் சந்தேகம் என்பது பசி மாதிரி, வேளை தவறாமல் வந்துவிடும். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பார். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்பார். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் டிரைவர் வேலைக்குக் குவைத் போனதிலிருந்து எங்கள் வீட்டு விவகாரம் எதுவானாலும் மாமாவைத்தான் அம்மா யோசனை கேட்பாள். யோசனை வருகிறதோ இல்லையோ, சந்தேகம் வந்துவிடும்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வருடங்களில், தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எங்கள் பாலசமுத்திரத்துப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏஜெண்டை நம்பிப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு பம்பாயிலேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மெட்ராஸுக்கு வேலைக்குப் போன ஒருவர் கிட்னியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார் என்றும் பஸ் ஸ்டாண்டில் பேச்சு. அந்த மனிதரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் தழும்பு எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்கு அழைப்பு வந்தது. பதினாறு வயதுக்குட்பட்டவர்களின் இந்தியக் கால்பந்து அணி, மலேசியாவில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. பயிற்சி முகாம் திருப்பதியில். மாநில அணியில் அண்ணன் ஆடியதைப் பார்த்து முகாமுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் தேறினால் மலேசியா. அண்ணனுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தூக்கத்தில்கூடக் காலை உதைப்பான். பக்கத்தில் படுத்து உதை வாங்கிய எனக்கு அது நன்றாகவே தெரியும்.

அம்மா தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள். மாமா ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாஸ்போர்ட்டு எடுக்கச் சொல்றாங்களா?"

"வெளிநாடு போறதுன்னா எடுக்காம?"

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மோட்டுவளையைப் பார்த்தார்.

அண்ணன் முகாமுக்குப் போய் அங்கிருந்து எங்கள் ஊர் எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்வான். அம்மாவும் மாமாவும் நானும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்போம். தினம் முட்டை, பால், கறி போடுகிறார்கள் என்றான். அம்மாவுக்கு வயிறு குளிர்ந்தது. மாமா வெளியே வந்ததும், "சும்மா எவனாவது போடுவானா அக்கா? ஜாத்திரையில வெட்டறதுக்கு விட்ட கடாவுக்கும்தான் தழையா ஒடிச்சிப் போட்டுக்கினு இருப்பாங்க" என்றார். அடுத்த முறை, ரத்தம் எடுத்தார்கள் என்றான். அன்று ராத்திரி மாமா சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கடுத்த முறை, இடது கையை ஒரு மிஷினுக்குக் கீழே வைத்து எலும்பைப் படம் பிடித்தார்கள், எதற்கென்று சொல்லவில்லை என்றான்.

"பந்து ஆடறது கால்ல" என்றார் மாமா. "கை எலும்பு அவனுங்களுக்கு எதுக்கு?"

முதல்முறையாக மாமாவின் சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அண்ணனுடைய உடம்பை ஒவ்வொரு பாகமாக எண்ணி எதையெல்லாம் எடுப்பார்கள் என்று நினைத்து அழுதேன்.

மறுநாளே மாமா திருப்பதிக்குக் கிளம்பினார். என்னையும் கூட்டிக்கொண்டார். "கூட ஒரு கொழந்த இருந்தா நம்ம மேல சந்தேகம் வராது" என்றார். வழியெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது. யார் எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கக் கூடாது. பெயர் கேட்டால் சொல்லக் கூடாது. புத்தூரில் பஸ் நின்றபோது முறுக்கு விற்ற பையனிடமே நான் வாயைத் திறக்கவில்லை.

முகாம் நடந்தது ஒரு கல்லூரி மைதானத்தில். மலையைப் பார்த்த மாதிரி கோல் கம்பம். வங்காளம், மணிப்பூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த பையன்கள் பந்தைத் தள்ளிக்கொண்டு வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன் மட்டும் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, மர நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. கிட்னியை எடுத்துவிட்டார்கள் என்றே முடிவு செய்தேன்.

பயிற்சியாளர் மலையாளி, தமிழ் பேசினார். மாமாவையும் அண்ணனையும் ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரோ எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். வாங்கினேன், தின்னவில்லை. உள்ளே முதலில் மாமாவின் குரல் எகிறியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி எனக்குச் சரியாகப் படவில்லை.

கதவு திறந்தது. மாமா வராந்தாவில் வந்து நின்றுகொண்டு, மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"எங்க பையன நாங்க அனுப்பமாட்டம் சார்! இன்னிக்கி எலும்பப் படம் புடிக்கிறவன் நாளைக்கிக் கிட்னிய எடுக்கமாட்டான்னு இன்னா நிச்சயம்? மலேசியாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். பதரா, ஊருக்குப் போலாம்!"

கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்கும் சேர்ந்து வரும். பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டார். திருடன் அகப்பட்டான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பஸ்ஸில் அண்ணனுடைய சட்டையைத் தூக்கித் தழும்பு தேடினேன். அவன் என் கையைத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அழுதது மாமாவால்தான் என்று நினைத்தேன்.

அப்புறம் அந்த அணி மலேசியா போனது. எந்தப் பையனுடைய எதையும் யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் முழுசாகத் திரும்பி வந்த செய்தி பேப்பரில் படத்தோடு வந்தபோது எங்கள் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆனது. "உன் பாழாப்போன சந்தேகத்தால எம் புள்ள வாழ்க்கையே பூட்ச்சேடா!" என்று அம்மா மாமாவைத் தெருவில் நிறுத்திக் கேட்டாள். நைனா குவைத்திலிருந்து போனில் திட்டினார். ஊரே சிரித்தது. மாமா, "நா பொறந்ததே அப்டி, இன்னா பண்றது?" என்பதோடு சரி. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பொங்கலுக்கும் தட்டில் புடவை வைத்துக்கொண்டு வந்தார். அம்மா வாங்கிக்கொள்வாள், உட்காரச் சொல்ல மாட்டாள். இன்றுவரை சொன்னதில்லை.

போன வருடம் என் மகளை விளையாட்டு விடுதியில் சேர்க்கச் சித்தூருக்குப் போயிருந்தேன். அங்கே அவள் இடது கையை மிஷினுக்குக் கீழே வைத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "வயசு தெரிஞ்சிக்க மேடம், மணிக்கட்டு எலும்பு பொய் சொல்லாது" என்றார் டாக்டர். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

அவன் அப்போதுதான் சொன்னான். அவனைப் பள்ளியில் சேர்த்தபோது, பின்னால் சர்க்கார் வேலைக்கு உதவும் என்று அம்மா வயதில் இரண்டைக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள். ஊரில் எல்லோரும் செய்வதுதான். எலும்பு அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அணியில் இடமில்லை என்று நாங்கள் போய்ச் சேர்வதற்குள்ளேயே அவனிடம் சொல்லிவிட்டார்களாம். அறைக்குள் மாமா அதைக் கேட்டு முதலில் சண்டைக்குப் போனார். பிறகு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பயிற்சியாளரிடம், "எங்க அக்கா சொன்ன வயசு சார் அது. அவளாலதான் போச்சின்னு தெரிஞ்சா தாங்கமாட்டா. நா வெளிய போயி கொஞ்சம் கத்துவேன், நீங்க கோச்சிக்கக் கூடாது" என்றாராம்.

"எதுக்கு மாமா கத்தணும்னு நா கேட்டேன்" என்றான் அண்ணன். "வெளிய பாப்பா நிக்குதுடா, அது வீட்டுக்குப் போயி உங்கம்மாகிட்ட ஒண்ணு விடாம ஒப்பிக்கும்னார்."

அன்று வீட்டு வாசலில் கால் வைத்ததும், மாமா கத்தியதை அவர் குரலிலேயே அம்மாவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.