நான் விழுந்ததுதான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் விழுந்தேன். பஸ் கூரையிலிருந்து விழுந்தேன். இதை ஒரே ஒரு ஆளாவது நம்ப வேண்டும் என்று இரண்டு வருஷம் தவித்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்தகாலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பின்பக்கம் கரி உலையைக் கட்டிக்கொண்டு தர்மபுரியிலிருந்து மாரண்டஹள்ளி வழியாக ஓசூர் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஒரு மழைநாள் காலையில் மாரண்டஹள்ளியில் கூரைமேல் கத்திரிக்காய்க் கூடைகளை அடுக்கிவிட்டு இறங்கும்போது ஏணியில் கால் வழுக்கியது. கீழே, உலையைத் தாங்கும் இரும்புச் சட்டம். குதிரை ஏறுகிறவனைப்போல அதன்மேல் கால்களை அகட்டியபடி போய் விழுந்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண் இருட்டியது. இரண்டு நாள் மூத்திரத்தில் ரத்தம் போய் நின்றுவிட்டது. சிரித்தவர்களும் மறந்தார்கள், நானும் மறந்தேன்.

ஆறு மாதம் கழித்துத்தான் வினை ஆரம்பித்தது. மூத்திரம் முதலில் நூலாக இறங்கியது, அப்புறம் சொட்டுச் சொட்டாக. பாலக்கோட்டில் பஸ் ஐந்து நிமிஷம் நிற்கும். நான் வேலி மறைவில் கால்மணி நேரம் குந்தியிருப்பேன். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருப்பார். வியர்த்து வழிந்து திரும்பி வந்தால் மொத்த பஸ்ஸும் என் முகத்தையே பார்க்கும்.

"சூடுங்க கண்டக்டரே, வெறும் சூடு. எளநி குடிங்க, சரியாப் பூடும்."

எங்கள் பக்கத்தில் நீர் இறங்காவிட்டால் அது சூடுதான், வேறு பேச்சே கிடையாது. சூட்டுக்கு மருந்து குளிர்ச்சியாகக் குடிப்பது. இளநீர், நீர்மோர், வெந்தயத் தண்ணீர், புளித்த கூழ். வாசல் அடைபட்ட வீட்டுக்குள் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றுகிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. மடையன், எனக்கும்தான் உறைக்கவில்லை. ஒரு நாள் நான்கு இளநீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். பாலக்கோடு வருவதற்குள் அடிவயிறு பானையாகிவிட்டது. ஒரு சொட்டு இறங்கவில்லை. டிக்கெட் புத்தகத்தை வாயில் கடித்துக்கொண்டு கத்தினேன்.

அன்றைக்கே என்னை மொரப்பூருக்குக் கொண்டுபோய் ரயிலேற்றினார்கள். மனைவி கூட வந்தாள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அடிவயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து நீரை இறக்கினார்கள். மூத்திரப் பாதையில் தழும்பேறிச் சுருங்கிப் போயிருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த கேள்வியை மனைவியை வைத்துக்கொண்டே கேட்டார்.

"வெட்டை நோய் வந்தவனுக்குத்தான் இப்படி ஆகும். எவகிட்ட, எந்த ஊர்ல வாங்கின?"

"விழுந்தேனுங்க."

"ஒவ்வொருத்தனும் அப்படித்தான் சொல்றான்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஊர் திரும்பினால் டிரைவரும் அதையே சிரித்துக்கொண்டு கேட்டார். கண்டக்டருக்கு ஓசூரில் ராத்தங்கல். ராத்தங்கல் என்றால் அங்கே ஒரு சின்ன வூடு இருக்கும். இது ஊர் போட்ட கணக்கு. என் மைத்துனன்கூட ஜாடையாகக் கேட்டான். கேட்காதவள் மனைவி ஒருத்திதான். அவள் நம்புகிறாள் என்று அந்த ஒரு தெம்பில் இருந்தேன்.

வயிற்றுக் குழாயை எடுத்தபின் பதினைந்து நாளுக்கொரு தரம் ரயிலேறிப் போய், சுருங்கிய பாதையை அகட்டக் கம்பி விட்டுக்கொள்ள வேண்டும். தட்டில் எஃகுக் கம்பிகள், மெல்லியதிலிருந்து தடிமன் வரை வரிசையாக இருக்கும். ஒன்றை விட்டு எடுத்து, அடுத்தது, அதற்கு அடுத்தது. அந்த வலியை எழுதப்போவதில்லை. ஒரு வாரம் நன்றாகப் போகும், மறுவாரம் பழையபடி நூல். ஒரு வருஷத்துக்குமேல் இந்தக் கூத்து. கடைசியில் மெல்லிய கம்பியே நுழையவில்லை. மறுபடி வயிற்றில் குழாய், இடுப்பில் பாட்டில். "குழாயோட பஸ்ஸுல ஏறாத" என்றார் பஸ் முதலாளி.

அறுத்துத் தைத்துப் பார்க்கலாம், அதுவும் சரிவராவிட்டால் ஆயுசுக்கும் குழாய்தான் என்றார் டாக்டர். முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டாலும் காது நன்றாகவே கேட்டது. கால்களைத் தூக்கிக் கட்டி நடுவில் அறுத்தார். கெட்டிப்பட்ட துண்டை வெட்டியெடுத்து, இரண்டு நுனிகளையும் ஒரு ரப்பர் குழாயின் மேல் இழுத்துச் சேர்த்துத் தைத்தார். நடுவில் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "ஒரே இடத்துல நசுங்கியிருக்கு. நோய் இல்ல, அடிபட்டதுதான். இவன் சொன்னது நிஜம்."

மேஜைமேல் கிடந்தபடி அழுதேன். வலியா என்று கேட்டார்கள். இல்லையென்று தலையாட்டினேன். வார்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். "சரிங்க, பேசாமப் படுங்க" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து உள்குழாயை எடுத்தார்கள். வயிற்றுக் குழாயின் வாயைக் கட்டி அடைத்துவிட்டு, இனித் தானாகப் போக வேண்டும் என்றார்கள். நர்ஸம்மா குடுவையை வைத்தார். படுத்தபடியே போக வேண்டுமாம்.

வரவில்லை. வயிறு முட்டுகிறது, வரவில்லை. மத்தியானம் டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கினார். சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் மறுபடி கம்பி, அதுவும் நுழையாவிட்டால் ஆயுசுக்கும் குழாய்தான். போச்சு, இவ்வளவும் வீணாய்ப் போச்சு என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மனைவிதான் வாயைத் திறந்தாள். "ஏனுங்க டாக்டரே, அவரு பொறந்ததுலருந்து குந்தித்தானுங்க போவாரு. படுத்துக்கினு போவச் சொன்னா எப்பிடிங்க வரும்?"

"குந்தினா தையல் பிரிஞ்சிடும்மா."

"முழுக்கக் குந்த வேணாங்க. காலுக்குக் கீழ கல்லு வெச்சுக் குடுக்கறேன்."

டாக்டர் தையலை ஒருமுறை பார்த்தார். பிறகு சரியென்றார். அவள் எங்கிருந்தோ இரண்டு செங்கல் கொண்டுவந்தாள். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் கல்மேல் வைத்து, முழங்காலை உயர்த்திப் பாதிக் குந்தலாகச் சாய்ந்துகொண்டேன். அவளே எல்லோரையும் துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பி, தானும் போனாள்.

முதலில் எரிச்சல். பிறகு வந்தது. நூலாக இல்லை, சொட்டாக இல்லை. தடியாக, சத்தத்தோடு, குடுவை நிறைய. அந்தச் சத்தத்தைக் கேட்டு நானே சிரித்துவிட்டேன்.

மறைப்புக்கு அப்பால் டாக்டர் சொன்னது கேட்டது: "பிழைச்சான். வருஷத்துக்கு ஒருதரம் கம்பி விட்டுப் பார்க்கணும், அவ்வளவுதான்." அவர் நகர்ந்தார். அவள் பின்னாலேயே இரண்டடி போய்த் தணிந்த குரலில் கேட்டாள்.

"ஏனுங்க, நெசமாலுமே உழுந்ததுதானுங்களா?"

"விழுந்ததுதாம்மா."

துணியை விலக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அந்த முகத்தில். குனிந்து குடுவையை எடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தட்டிவிடக் கை துடித்தது. ரயிலேறி ரயிலேறிக் கூட வந்தவள், பாட்டிலைக் கழுவியவள், ஊர் சிரித்தபோது வாய் திறக்காதவள். அத்தனையையும் என்னை நம்பாமல்தான் செய்திருக்கிறாள். கல்மேல் கால்களை வைத்தபடி, அவள் குடுவையைக் கொட்டப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.